சேலத்துல போச்சு! நார்த் சென்ட்ரல் 37, கோர்ட்லேண்ட் 38. அடுத்த சீசன் தேறுமா?

ரிவர்வாக்_ரவி
15 டிசம்பர் 2023, இரவு 11:52

தூக்கம் வரல, அதான் இழைய ஆரம்பிக்கிறேன். சிகாகோ பக்கம் நம்ம நேப்பர்வில் நார்த் சென்ட்ரல் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீம், நியூயார்க் கோர்ட்லேண்ட் காலேஜ் கிட்ட 38-37ல தோத்துடுச்சு. ஒரே ஒரு பாயிண்ட்டு. 29 மேட்ச் வரிசையா ஜெயிச்சுட்டு 30வது மேட்ச்ல, அதுவும் ஸ்டாக் பௌல் ஃபைனல்ல, கடைசி ஒன்னேகால் நிமிஷம் இருக்கறப்ப டச்டவுன் (ஆறு பாயிண்ட்) போட்டு கிட்டக்க வந்து, ஒரு பாயிண்ட் கிக் அடிச்சு சமன் பண்ணாம, பந்த மறுபடி கோட்டத் தாண்டிக் கொண்டுபோற டூ பாயிண்ட்டுக்குப் போய் அது கெடைக்காம போச்சு. எட்டாவது படிக்கிற என் பையன் ரிமோட்ட கைல புடிச்சுகிட்டு டிவிய ஆஃப் பண்ணவும் இல்ல பாக்கவும் இல்ல, அப்படியே உக்காந்திருந்தான். தோசை ஆறிப்போய் அப்பளமாயிடுச்சு.

ஊருக்கு ஃபோன் போட்டேன், அங்க சனிக்கிழமை காலைல. அம்மா ஆத்தூர்ல இருக்காங்க. "என்னடா குரலே ஒரு மாதிரி இருக்கு"ன்னாங்க. எங்க ஊர் காலேஜ் டீம் சேலத்துல தோத்துடுச்சும்மான்னேன். "நம்ம சேலத்துலயா? எப்படா வந்தாங்க, சொல்லவே இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல"ன்னாங்க. வர்ஜீனியால ஒரு சேலம் இருக்குன்னு வெளக்கறதுக்குள்ள பத்து நிமிஷம் ஆயிடுச்சு, அந்த பத்து நிமிஷந்தான் இன்னிக்கு நான் சிரிச்சது.

சரி விஷயத்துக்கு வரேன். என்ன தப்பு நடந்துச்சு, அடுத்த வருஷம் எப்படி, சொல்லுங்க.


மெட்ரா_மணி
16 டிசம்பர் 2023, காலை 6:31

கிக் அடிச்சிருக்கணும். அவ்ளோதான். வேற பேச்சே இல்ல.


புதுசு_2023
16 டிசம்பர் 2023, காலை 7:05

மன்னிக்கணும் நான் நேப்பர்வில் வந்து நாலு மாசம்தான் ஆகுது. ஃபுட்பால்னா நம்ம மெஸ்ஸி ஆடறது இல்லையா? கைல தூக்கிட்டு ஓடறதா? அப்புறம் ஸ்டாக் பௌல்னா என்ன, ஸ்டாக் மார்க்கெட்டா?


ரிவர்வாக்_ரவி
16 டிசம்பர் 2023, காலை 8:20

வாங்க தம்பி. கைல தூக்கிட்டு ஓடறதுதான். ஸ்டாக்ங்கறது ஒரு மனுஷன் பேரு, ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக். இங்க பக்கத்துல சிகாகோ யூனிவர்சிட்டில 41 வருஷம் கோச்சா இருந்தவர், 102 வயசு வரைக்கும் வாழ்ந்தார். அந்த சிகாகோ யூனிவர்சிட்டி ஒரு காலத்துல பெரிய டீம், முதல் ஹைஸ்மேன் டிராஃபி வாங்கினதே அவங்க பையன்தான், 1935ல. அப்புறம் 1939ல ஃபுட்பாலே வேணாம்னு தூக்கிப்போட்டுட்டாங்க! முப்பது வருஷம் கழிச்சு திரும்ப ஆரம்பிச்சு இப்ப அவங்களும் நம்மள மாதிரி டிவிஷன் 3. அந்த டிவிஷன் 3 ஃபைனலுக்குத்தான் அவர் பேரு.

டிவிஷன் 3ன்னா சின்ன காலேஜுங்க, இருநூத்து நாப்பது டீம் அளவுக்கு இருக்கு. முக்கியமா ஒன்னு, விளையாட்டுக்குன்னு ஒரு பைசா ஸ்காலர்ஷிப் கெடையாது. டிவில சனிக்கிழமை பாக்கற லட்சம் பேர் கிரவுண்ட் எல்லாம் வேற உலகம். இந்தப் பசங்க மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் கெடைக்கற உதவித்தொகை போக மிச்சத்த தாங்களே கட்டிப் படிச்சுகிட்டு ஆடறாங்க. நம்ம டவுன்டவுன் ரயில்வே ஸ்டேஷன்லேருந்து பொடிநடையா போனா வர்ற கிரவுண்டு, பெனடெட்டி வேர்லி ஸ்டேடியம். வாங்க ஒரு நாள்.


கணக்கு_வாத்தியார்
16 டிசம்பர் 2023, காலை 9:14

மணி சார், கொஞ்சம் பொறுங்க. கிக் அடிச்சா 38-38. அப்ப கடிகாரத்துல ஒன்னேகால் நிமிஷம் மிச்சம், பந்து கோர்ட்லேண்ட் கைல. அவங்களுக்கு ஒரு ஃபீல்ட் கோல் (கிக் அடிச்சு மூனு பாயிண்ட்) போதும், அவங்க ஆஃபென்ஸ் அன்னிக்கு இருந்த சூட்டுக்கு அது ஒன்னும் மலை இல்ல. அதையும் தாண்டி ஓவர்டைம் போனா, ஆளுக்கு ஒரு தடவ, எதிராளி கோட்டுக்கு 25 யார்டுலேருந்து ஆரம்பம். மேட்ச் பூரா அவங்கள நிறுத்த முடியாத டிஃபென்ஸ் 25 யார்டுல நிறுத்துமா? முதல் ஓவர்டைம் சமன் ஆச்சுன்னா ரெண்டாவதுலேருந்து டச்டவுன் போட்டா டூ பாயிண்ட் முயற்சி கட்டாயம், மூனாவதுலேருந்து வெறும் டூ பாயிண்ட் ஆட்டம் மட்டுந்தான், 2021லேருந்து அதான் ரூல். அதாவது இன்னிக்கு எந்த பரீட்சைய எழுத வேணாம்னு சொல்றீங்களோ அதே பரீட்சைய அரைமணி நேரம் கழிச்சு களைச்சுப்போய் எழுதணும்.

டூ பாயிண்ட்டு நூத்துக்கு நாப்பது சொச்சம் தேறும்னு வெச்சுக்கலாம். ஓவர்டைம்ல நம்ம வாய்ப்பு அதவிட எவ்ளோ ஜாஸ்தி? பெருசா ஒன்னும் இல்லைங்கறது என் கணக்கு.


மெட்ரா_மணி
16 டிசம்பர் 2023, காலை 9:22

வாத்தியாரே கணக்கு எல்லாம் சரி, ஆனா தவறினா வீட்டுக்குப் போகணும், கிக் அடிச்சா இன்னும் ஆட்டத்துல இருக்கோம். ஆட்டத்துல இருக்கறவனுக்குத்தான் அதிர்ஷ்டம் வரும். பந்தியிலேருந்து எழுந்துட்டு பாயசம் கேட்டா எப்படி.


சிரக்யூஸ்_சிவா
16 டிசம்பர் 2023, காலை 10:02

வணக்கம் வணக்கம் 😀 எங்க பக்கத்து ஊர் பசங்க சார் அவங்க! இங்கேருந்து அரைமணி நேரம் தெக்க போனா கோர்ட்லேண்ட். ஒரு காலத்துல நியூயார்க் ஜெட்ஸ் டீம் வந்து கோடைப் பயிற்சி எடுத்த ஊரு, அத விட்டா வெளில யாருக்கும் பேரே தெரியாது. இனிமே தெரியும்ல?

எங்களுக்கு இதான் முதல் பட்டம். இது வரைக்கும் எங்களுக்குப் பெருமைன்னா பக்கத்து ஊர் இத்தாக்காவோட வருஷா வருஷம் நடக்கற கோர்டாகா ஜக் மேட்ச்தான், 2019ல அத நியூஜெர்சில மெட்லைஃப் ஸ்டேடியத்துல வெச்சு 45,161 பேர் வந்தாங்க, டிவிஷன் 3 மேட்ச்சுக்கு! அந்த மேட்ச்சும் தோத்தோம். அதனால தோக்கறதுன்னா என்னன்னு எங்களுக்கும் தெரியும், ரொம்ப வெறுப்பேத்த வரல. கொஞ்சமாத்தான் வெறுப்பேத்துவேன்.


ரிவர்வாக்_ரவி
16 டிசம்பர் 2023, காலை 10:10

சிவா வாங்க, நல்லா ஆடினாங்க, மறுக்கல. உங்க குவார்ட்டர்பேக் (பந்து எறியற பையன்) ஜாக் பாய்ஸ கட்டுப்படுத்தவே முடியல. அந்தப் பையன் எறியற நிதானத்த பாத்தா வீட்டு மொட்டமாடில காத்தாடி விடற மாதிரி இருந்துச்சு.


கொங்குப்பொண்ணு_அரோரா
16 டிசம்பர் 2023, மதியம் 12:47

எல்லாருமு அந்த கடைசி ஒரு ஆட்டத்தையே புடிச்சு தொங்கறீங்களே ஏனுங்க? 37 பாயிண்ட் போட்டு ஒரு டீம் தோக்குதுன்னா குத்தம் போட்டவங்க மேலயா இருக்கும்? 38 விட்டிருக்கோமுங்க, அதைய யாருமே பேசமாட்டேங்கறீங்க. ரெகுலர் சீசன்ல நம்ம சிசிஐடபுள்யூ கான்ஃபரன்ஸ்ல (நாம வருஷா வருஷம் ஆடற காலேஜுங்க கூட்டம்) முக்காவாசி டீம எழுந்திரிக்க முடியாம அடிச்சுப்போட்டோம், சரி. அதுல ஒரு ஆபத்து இருக்குதுங்க. வாரா வாரம் பாதி மேட்ச்சுல ஜெயிச்சு முடிச்சுட்டா மிச்ச பாதி மேல போட்ட பசங்கள வெளிய உக்கார வெச்சுருவாங்க, அவங்களுக்கு நாலாவது குவார்ட்டர்ல மூச்சு வாங்கறப்ப பந்து புடிக்கற நல்ல ரிசீவர வெரட்டி ஓடற பழக்கமே இல்லாம போயிரும். அரையிறுதில வார்ட்பர்க் டீம் கூட ஆடறப்பவே மணி அடிச்சுதுங்க, நாமதான் காதுல வாங்கல.

எங்கூட்டுக்காரரு இதைய சொன்னா "நீ என்ன கோச்சா"ங்கறாரு. கோச் இல்லீங்க, ஆனா ரெண்டு பசங்கள ஹைஸ்கூல் டீமுக்கு காலைல அஞ்சரைக்கு கொண்டுபோய் விட்டவ. கார்ல உக்காந்து பாத்ததுலயே பாதி கத்துக்கிட்டேன்.


பழைய_கார்டினல்_09
16 டிசம்பர் 2023, மதியம் 2:30

என் தமிழ் கொஞ்சம் சுமார், தப்பு இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நான் நார்த் சென்ட்ரல்ல படிச்சவன், ஆடல, பேண்ட்ல இருந்தேன். நேத்து சேலம் போயிருந்தேன், பத்து மணி நேரத்துக்கு மேல டிரைவ், இப்ப திரும்பி வர்ற வழில ஒரு கேஸ் ஸ்டேஷன்ல உக்காந்து டைப் பண்றேன்.

அந்த டூ பாயிண்ட் மிஸ் ஆனப்ப எங்க பக்கம் ஸ்டாண்ட்ல சத்தமே இல்ல, எதிர் பக்கம் சத்தம் லேட்டா வந்த மாதிரி இருந்துச்சு. மேட்ச் முடிஞ்சப்புறம் அவங்க எல்லாம் நடு கிரவுண்ட்ல குதிச்சுகிட்டு இருக்காங்க, நம்ம சீனியர் பையன் ஒருத்தன், நம்பர் சொல்ல மாட்டேன், சைட்லைன்ல பெஞ்ச் மேல உக்காந்து மணிக்கட்டுல சுத்தின வெள்ளை டேப்ப உரிச்சுகிட்டு இருந்தான். கத்தரிக்கோலால ஒரு செகண்ட்ல வெட்டிடலாம், எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. இவன் நகத்தால ஓரத்த தேடித் தேடி, ஒவ்வொரு சுத்தா பிரிச்சு, பிரிச்சத உருண்டையா உருட்டி பக்கத்துல வெக்கறான். அவங்க அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துகிட்டே இருக்காங்க, கூப்பிடல. ஏன்னா அத முழுசா எடுத்துட்டா அவனுக்கு ஃபுட்பால் முடிஞ்சுது, திங்கட்கிழமைலேருந்து ஃபைனல் எக்ஸாம், அப்புறம் எங்கயாவது வேலை.

அதனால கிக்கா டூவான்னு எனக்கு தெரியல. எனக்கு அந்த டேப் தான் ஞாபகம் வருது.


ஸ்காபரோ_பொடியன்
16 டிசம்பர் 2023, மாலை 4:18

அண்ணை, வாசிச்சுப்போட்டு ஒரு மாதிரியாப் போச்சு. நான் டொரண்டோவில இருந்து உங்கட இழைய சும்மா வாசிக்கிறனான், எழுதுறது குறைவு. எங்கட பக்கமும் யூனிவர்சிட்டி ஃபுட்போல் இருக்குது, மூண்டு டவுன் (பந்தை முன்னேத்துற வாய்ப்பு) தான், கிரவுண்டும் பெரிசு. ஒரு கேள்வி: அந்த குவாட்டர்பேக் பெடியன் லூக் லெனன் அடுத்த வருசமும் நிப்பானோ? அவன் நிண்டால் நீங்கள் அழுறதுக்கு ஒண்டுமில்லை எண்டு நினைக்கிறன்.


ரிவர்வாக்_ரவி
16 டிசம்பர் 2023, மாலை 5:03

நிப்பான் தம்பி. 2021ல முதல் வருஷப் பையனா வந்து அப்பலேருந்து அவன்தான். 2024 அவனோட நாலாவது வருஷம். இதுதான் எனக்குப் பெரிய தெம்பு. மத்தபடி பெரிய பெரிய டீம்காரன் வந்து நல்ல பசங்கள தூக்கிட்டுப் போற காலம் இது, டிவிஷன் 3ல நல்லா ஆடினா டிவிஷன் 1லேருந்து ஃபோன் வருது, ஸ்காலர்ஷிப் தரேன் வா வாங்கறான். இந்தப் பையன் போகாம இருக்கணும்.

இன்னொரு விஷயம், கோவிட் வருஷத்துக்கு ஈடா ஒரு வருஷம் கூடுதலா ஆடலாம்னு குடுத்தாங்கல்ல, அந்த கணக்குல தங்கின அண்ணனுங்க எல்லாம் இதோட காலி. அதனால லைன்லயும் டிஃபென்ஸ்லயும் ஓட்டை விழும். அது நமக்கு மட்டும் இல்ல, எல்லா டீமுக்கும்தான்.


மெட்ரா_மணி
16 டிசம்பர் 2023, மாலை 6:40

கோச்ச மாத்தணும்.


பழைய_கார்டினல்_09
16 டிசம்பர் 2023, மாலை 6:58

மணி அங்கிள் சீரியஸா?? பிராட் ஸ்பென்சர் கோச்சா வந்தது 2022ல. வந்த முதல் வருஷமே 15-0 (15 வெற்றி, தோல்வி இல்ல), அனாபொலிஸ்ல மௌண்ட் யூனியன 28-21 ஜெயிச்சு சாம்பியன். ரெண்டாவது வருஷம் 14-1. ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தோல்வி, அதுவும் ஒரு பாயிண்ட். அவர் இங்கயே ரிசீவரா ஆடினவர், வெளியாள் இல்ல.

ஹிஸ்டரி கொஞ்சம் பாருங்க. 2002ல ஜான் தார்ன் வந்து கட்டின டீம் இது, அதுக்கு முன்னாடி பக்கத்துல வீட்டன் வாரன்வில் சவுத் ஹைஸ்கூல்ல கோச்சா இருந்தவர். 2015லேருந்து அவர் பையன் ஜெஃப் தார்ன். 2019ல ஒயிட்வாட்டர 41-14 அடிச்சு முதல் பட்டம், பிராக் ரட்டர் குவார்ட்டர்பேக். 2020 கோவிட், ஸ்டாக் பௌலே நடக்கல. 2021ல கேண்டன்ல மேரி ஹார்டின் பேலர் கிட்ட 57-24. அது தோல்வி! அன்னிக்கு ரெண்டாவது பாதில நான் எழுந்து போய் ஹாட்டாக் வாங்க நின்னேன், க்யூல எல்லாரும் நம்ம ஆளுங்க. அந்த தோல்விக்கப்புறம் என்ன ஆச்சு? 29 வெற்றி.

நடந்த ஸ்டாக் பௌல் கணக்குல வரிசையா நாலு தடவை ஃபைனல் ஆடியிருக்கோம். இதுக்கு மேல கோச் என்ன பண்ணணும்?


மெட்ரா_மணி
16 டிசம்பர் 2023, இரவு 7:11

கோவத்துல சொல்லிட்டேன்பா. வாபஸ். கிக் அடிச்சிருக்கணும்ங்கறது மட்டும் வாபஸ் இல்ல.


சிரக்யூஸ்_சிவா
16 டிசம்பர் 2023, இரவு 8:25

நாலு ஃபைனல் ஆடிட்டு அழறீங்களே சார். நாங்க ஒன்னு ஆடினோம், ஒன்னு ஜெயிச்சோம். நூத்துக்கு நூறு 😎


மட்டுறுத்துனர்
16 டிசம்பர் 2023, இரவு 9:40

கோர்ட்லேண்ட் அரசாங்கக் காலேஜ், நார்த் சென்ட்ரல் தனியார் காலேஜ், எது உசத்தின்னு ஆரம்பிச்சு ஃபீஸ், எச்1பி, தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங் வரைக்கும் போன ஏழு பதிவுகள நீக்கியிருக்கேன். ஃபுட்பால் மட்டும் பேசுங்க. தேங்க்ஸ்.


கணக்கு_வாத்தியார்
17 டிசம்பர் 2023, காலை 8:03

அடுத்த சீசன் பத்தி என் கணிப்பு. ஆஃபென்ஸ் பத்தி கவலை இல்ல, குவார்ட்டர்பேக் இருக்கான், சிஸ்டம் பழகினது. கான்ஃபரன்ஸ்ல வீட்டன் ஒன்னுதான் கொஞ்சம் இழுக்கும், அவங்களோட ஆடற அந்த லிட்டில் பிராஸ் பெல் மேட்ச்சுல ரெக்கார்டு எல்லாம் எடுபடாது, அடிச்சுக்குவாங்க. எப்படியும் பிளேஆஃப் (நாக் அவுட் சுத்து) வந்துடுவோம். நவம்பர் டிசம்பர்லதான் விஷயம். கொங்குப்பொண்ணு சொன்ன பாயிண்ட் நூத்துக்கு நூறு உண்மை, பின்னாடி நின்னு ரிசீவர தடுக்கற செகண்டரிக்கு பாதி மேட்ச் பயிற்சி பத்தாது. சீசன் ஆரம்பத்துல கான்ஃபரன்ஸுக்கு வெளில ஆடற மேட்ச் ஒன்னுதான். அந்த ஒன்ன சப்பை டீமோட வெக்காம, பந்த நல்லா எறியற பலமான டீமோட வெக்கணும். அங்க தோத்தாலும் பரவால்ல, கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு பிளேஆஃப் இடம் எப்படியும் உண்டு.

நம்ம கான்ஃபரன்ஸ்லயே அகஸ்டானா 1983லேருந்து 86 வரைக்கும் நாலு வருஷம் வரிசையா சாம்பியன். அந்த மாதிரி ஆகணும்னுதான் ஆசை, முந்தாநேத்தோட அந்த வாய்ப்பு போச்சு. ஆனா அடுத்த வருஷம் ஜெயிச்சு ஆறு வருஷத்துல மூனு பட்டம்னா அதுவும் சின்ன விஷயம் இல்ல.


கொங்குப்பொண்ணு_அரோரா
17 டிசம்பர் 2023, காலை 11:36

இன்னைக்கு பாலாஜி கோயிலுக்குப் போயிருந்தோமுங்க. கேண்டீன்ல பொங்கல் வாங்கற வரிசைல செவப்பு கார்டினல் (நம்ம டீம் பேரு) தொப்பி போட்டுட்டு ஒரு தாத்தா நின்னாரு, நம்ம ஊர்க்காரருதான், பேசுனா தஞ்சாவூருங்கறாரு. "ரெண்டு பாயிண்ட்டுக்குப் போனது சரிதாம்மா, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பாயிண்ட்ட எங்கயோ தொலைச்சுட்டு வந்திருக்கானுங்க, அத தேடணும்"னாரு. நாம மூனு பக்கம் எழுதுனத தாத்தா ஒரே வரில முடிச்சுட்டாரு.


புதுசு_2023
17 டிசம்பர் 2023, மாலை 3:15

நேத்து ராத்திரி முழு மேட்ச்சையும் திரும்ப போட்டுப் பாத்தேன். பாதி புரியல. ஆனா அந்த கடைசி ஆட்டத்த ஆறு தடவ பாத்தேன். அடுத்த செப்டம்பர் யாராவது கிரவுண்டுக்குப் போனா என்னையும் கூப்புடுங்க ப்ளீஸ்.


ரிவர்வாக்_ரவி
24 ஆகஸ்ட் 2024, காலை 9:48

இழைய மேல தூக்கி விடறேன். பையன் வந்துட்டான், லெனன் எங்கயும் போகல! பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சு, காலைல ஆத்தோரமா நடக்கப் போனா விசில் சத்தம் கேக்குது.

இந்த வருஷத்துலேருந்து பிளேஆஃப்ல 32 இல்ல, 40 டீம். யார எடுக்கறதுங்கறதுக்கு என்பிஐன்னு புதுசா ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, யாரோட மோதினேங்கறதுக்கும் மார்க். 24 டீமுக்கு முதல் சுத்து லீவு, மிச்ச 16 பேர் மொதல்ல அடிச்சுக்கணும். அதனால ஃபைனல் ஜனவரிக்குத் தள்ளிப்போகுது, ஹூஸ்டன்ல. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி ஃபுட்பால்!


மெட்ரா_மணி
24 ஆகஸ்ட் 2024, காலை 10:05

கிக்கர் எப்படி இருக்கான்னு யாராவது பாத்து சொல்லுங்க.


ரிவர்வாக்_ரவி
5 ஜனவரி 2025, இரவு 11:20

ஃபைனல்ல 41-25!!!! மௌண்ட் யூனியன அடிச்சாச்சு! பதிமூனு பட்டம் வாங்கின டீமு! 15-0. லெனன் நாலு வருஷத்துல நாலு ஃபைனல், ரெண்டு தோல்வி ரெண்டு கப்பு, கப்போட முடிச்சுட்டுப் போறான். இந்த தடவ கடைசி நிமிஷத்துல ஒன்னா ரெண்டான்னு யோசிக்கற நெலமையே வரல, மணி சார் கேட்டுக்கோங்க.


புதுசு_2023
5 ஜனவரி 2025, இரவு 11:31

அந்த ஹூஸ்டன் ஸ்டேடியம் யாரோடதுன்னு பாத்தீங்களா? டைனமோன்னு சாக்கர் டீமோட கிரவுண்டு. கடைசில என் ஃபுட்பாலுக்குத்தான் வந்தீங்க எல்லாரும் 😂 (நான் இந்த சீசன் ஹோம் மேட்ச் ஒன்னு விடல, மணி அங்கிள்தான் டெய்ல்கேட்டுக்கு (மேட்ச்சுக்கு முன்னாடி பார்க்கிங்ல கூடி சாப்பிடறது) சுண்டல் கொண்டு வருவாரு.)


சிரக்யூஸ்_சிவா
6 ஜனவரி 2025, காலை 7:02

வாழ்த்துகள் சார். உண்மையா சொல்றேன். எங்க ஆளுங்க எங்கயோ நடுவுலயே எறங்கிட்டாங்க.


பழைய_கார்டினல்_09
6 ஜனவரி 2025, காலை 7:44

அந்த டேப் பையன் ஞாபகம் இருக்கா? ஹூஸ்டன்ல ஸ்டாண்ட்ல பாத்தேன், எனக்கு நாலு வரிசை கீழ. இப்ப வேலைல இருக்கானாம், ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கான். கத்திக் கத்தி குரல் போச்சு அவனுக்கு.


ரிவர்வாக்_ரவி
6 ஜனவரி 2025, காலை 8:15

அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஜெயிச்சுட்டோம்மான்னேன். "இந்த தடவ எந்த ஊர்ல?"ன்னாங்க. ஹூஸ்டன்மான்னேன். "ஹூஸ்டனா, அங்க உங்க பெரியப்பா பையன் இருக்கானே, அவன போய் பாத்தியா, மீனாட்சி கோயிலுக்காவது போனியா?" நான் போகவே இல்லம்மா, வீட்டுல உக்காந்து டிவில பாத்தேன்னேன். "சேலத்துல ஆடினப்பவும் போகல, ஹூஸ்டனுக்கும் போகல, அப்புறம் என்னடா நம்ம டீமு நம்ம டீமுங்கற"ன்னு வெச்சுட்டாங்க.